தளபதியிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் கேட்கப்படாத கேள்வியும்

2010 ஜனவரி 26 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் ஓய்வுபெற்ற ஜெனரல் சரத் பொன்சேகாவுக்கு 41 இலட்சத்து 73 ஆயிரத்து 185 வாக்குகள் கிடைத்தன. பதினான்கு வருடங்கள் கழித்து, 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி அதே பதவிக்குச் சுயேச்சை வேட்பாளராக நின்றபோது அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 22 ஆயிரம் வாக்குகள் மட்டுமே. ஒரு மனிதரின் அரசியல் செல்வாக்கு இந்த அளவுக்கு உயர்ந்து இந்த அளவுக்கு வீழ்ந்ததற்கு இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் வேறு உதாரணம் தேடுவது கடினம். ஆனால் இக்கட்டுரையின் நோக்கம் அந்த வீழ்ச்சியைக் கண்டு மகிழ்வதோ இரங்குவதோ அல்ல. 2010 ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்த வாக்குகளில் கணிசமான பங்கு தமிழ் பேசும் மக்களுடையது. எந்தத் தளபதியின் கீழ் வடக்கும் கிழக்கும் யுத்தத்தால் உழப்பட்டனவோ, அதே தளபதிக்கே தமிழரும் முஸ்லிம்களும் அன்று வாக்களித்தனர். அந்த முரண்பாட்டை அன்று போலவே இன்றும் பலர் வியப்போடு மட்டுமே பார்க்கின்றனர். அதனைச் சற்று நிதானமாக ஆராய வேண்டிய கடப்பாடு நமக்கு உண்டு.

1950 டிசெம்பரில் அம்பலாங்கொடையில் பிறந்த சரத் பொன்சேகா, கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்று, 1970 இல் இராணுவத்தில் சேர்ந்தவர். சிங்கப் படைப்பிரிவின் அதிகாரியாகத் தொடங்கி, யாழ் குடாநாட்டின் பல சமர்களில் பங்குகொண்டு படிப்படியாக உயர்ந்தவர். நேருக்கு நேர் களத்தில் நின்றவர் என்ற பெயரும், எதையும் வெளிப்படையாகப் பேசுபவர் என்ற பெயரும் அவருக்கு ஒருசேரக் கிடைத்தன. இந்த இரண்டாவது இயல்பே பிற்காலத்தில் அவரது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணமாக அமைந்தது எனலாம்.

தமிழ் மக்கள் பெருமளவில் அவரது பெயரை முதன்முதலில் அறிந்துகொண்டது போர்க்களச் செய்தி ஒன்றினூடாக அல்ல. சமாதானப் பேச்சுக்களின் போதே. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்து உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்டிருந்த தமது வீடுகளுக்கும் வயல்களுக்கும் திரும்பிச் செல்லலாம் என இடம்பெயர்ந்த மக்கள் எதிர்பார்த்திருந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில், யாழ் மாவட்டப் படைகளின் தளபதியாகவிருந்த பொன்சேகா, புலிகளின் ஆயுதக் களைவு இடம்பெறாமல் வலயங்களைத் தளர்த்த முடியாது என்ற நிலைப்பாட்டை எழுத்தில் முன்வைத்தார். அதனையடுத்துப் பதற்றந் தணிப்பு, இயல்புநிலை மீட்பு ஆகியவற்றுக்கான உபகுழுவிலிருந்து விடுதலைப் புலிகள் விலகிக்கொண்டனர். ஒரு படை அதிகாரியின் பார்வையில் அவர் கூறியது போரியல் கணக்கு. வலிகாமம் வடக்கில் தமது வளவு முள்வேலிக்குள் கிடக்க, கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் காலங்கழித்த குடும்பங்களுக்கு அது வீட்டுக் கதவு மீண்டும் அடைக்கப்பட்டதற்கு ஒப்பானது.

2005 நவம்பரில் ஜனாதிபதியான மஹிந்த ராஜபக்ஷ, ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த பொன்சேகாவை அவ்வாண்டு டிசெம்பரில் இராணுவத் தளபதியாக நியமித்தார். 2006 ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பு இராணுவத் தலைமையகத்தினுள் வைத்துத் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவரை இலக்குவைத்தார். பலர் உயிரிழந்த அத்தாக்குதலில் படுகாயமடைந்த தளபதி, சில மாதங்களில் கடமைக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜூலை இறுதியில் மாவிலாற்றில் மூண்ட சமர் கிழக்கு முழுவதும் பரவியது. மூதூரின் முஸ்லிம் மக்கள் ஏறக்குறைய ஊரோடு இடம்பெயர்ந்து கந்தளாய் முகாம்களில் தஞ்சமடைந்தனர். அந்த நாட்களில் மூதூரில் அக்ஷன் பாம் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அக்கொலைகளுக்காக எவரும் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்படவில்லை.

யுத்தம் தலைநகரையும் விட்டுவைக்கவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினர். மருத்துவத்துக்கு வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும், தொழில் தேடி வந்த இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அந்த வெளியேற்றத்தைச் செய்தது பொலிஸ் திணைக்களமே அன்றி இராணுவம் அன்று என்பதை நேர்மையுடன் பதிவுசெய்ய வேண்டும். எனினும் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நித்திரைக்குச் சென்ற காலமாக அந்த வருடங்கள் தலைநகரத் தமிழரின் நினைவில் பதிந்துள்ளன. 2008 புதுவருட தினத்தன்று கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தில் வழிபாட்டுக்குச் சென்றிருந்த பாராளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தக் காலத்திலேதான்.

அதே 2008 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கனேடியப் பத்திரிகை ஒன்றுக்கு வழங்கிய நேர்காணலில் தளபதி பொன்சேகா, இந்நாடு சிங்களவருக்குரியது என்பதே தமது திடமான நம்பிக்கை எனவும், சிறுபான்மையினர் கூடவே வாழலாம், ஆனால் தகாதவற்றைக் கோரக் கூடாது எனவும் கருத்துத் தெரிவித்தார். அரசியல்வாதிகள் மேடைக்கு ஏற்ப மாற்றிப் பேசுவதை அவர் மறைக்காமல் பேசினார் என்றுதான் அன்று பலர் கருதினர். ஆயினும் தமிழரும் முஸ்லிம்களும் அந்த வார்த்தைகளை இலகுவில் மறக்கவில்லை.

2009 ஜனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வீழ்ந்தன. மே 18, 19 ஆம் திகதிகளில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிவுக்கு வந்தது. இறுதி மாதங்களில் 40 ஆயிரம் வரையிலான பொதுமக்கள் உயிரிழந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை நம்பத்தகுந்த மூலங்களை ஆதாரங்காட்டி ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் குறிப்பிட்டது. எஞ்சியோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். தெற்கில் பாற்சோறு பகிரப்பட்டது. சுவரொட்டிகளில் ஜனாதிபதியின் உருவமும் தளபதியின் உருவமும் அருகருகே காணப்பட்டன.

அந்த நெருக்கம் நீடிக்கவில்லை. 2009 ஜூலையில் பொன்சேகா கூட்டுப்படைகளின் பிரதானியாக நியமிக்கப்பட்டார். பெயரளவில் உயர்வான அப்பதவியில் படைகளின் மீதான நேரடி அதிகாரம் இருக்கவில்லை. நவம்பர் 12 ஆம் திகதி அவர் ஜனாதிபதிக்கு அனுப்பிய விலகல் கடிதம் வாசிக்கத்தக்க ஓர் ஆவணம். தாம் சதிப்புரட்சி செய்யக்கூடும் என்ற சந்தேகத்தில் அரசாங்கம் இந்தியாவை உஷார்ப்படுத்தியதாக அவர் அதில் மனம் நொந்து எழுதினார். முகாம்களில் அடைபட்டிருந்த மக்களின் நிலை குறித்தும் அதே கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். யுத்தத்தை நடத்திய தளபதிக்கு அம்மக்களின் துயர் பதவி பறிபோன பின்னர்தான் தென்பட்டதா என்று கேட்பது நியாயமே. ஆனால் அரசின் உள்ளிருந்த ஒருவர் அதனை எழுத்தில் வைத்தார் என்பதும் உண்மையே.

சில நாட்களிலேயே அவர் எதிரணியின் பொது வேட்பாளரானார். அன்னம் சின்னத்தின் பின்னால் ஐக்கிய தேசியக் கட்சியும், மக்கள் விடுதலை முன்னணியும், ரவூப் ஹக்கீம் தலைமையிலான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும், மனோ கணேசன் தலைமையிலான ஜனநாயக மக்கள் முன்னணியும் அணிதிரண்டன. 2010 ஜனவரி முற்பகுதியில் இரா. சம்பந்தன் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் தனது ஆதரவை அறிவித்தது. மீள்குடியேற்றம், உயர் பாதுகாப்பு வலயங்கள், தடுத்துவைக்கப்பட்டோரின் விடுதலை ஆகியவை பற்றிய உறுதிமொழிகளே அந்த ஆதரவுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

யுத்தத்துக்கு உத்தரவிட்டவருக்கா, அதனை நடத்தியவருக்கா வாக்களிப்பது என்ற கேள்வி அந்த வாரங்களில் வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதித் தேநீர்ச் சாலைகளிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டது. கிடைத்த விடை விருப்பத்தின் பாற்பட்டதன்று. ஆட்சி மாறினால் மூச்சுவிடச் சிறிது இடம் கிடைக்கும் என்ற கணக்கே அது. தேர்தல் முடிவு அந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டியது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா ஆகிய ஆறு தேர்தல் மாவட்டங்களிலேயே பொன்சேகா முன்னிலை பெற்றார். வடகிழக்குத் தமிழரும், கிழக்கின் முஸ்லிம்களும், மலையக மக்களும் செறிந்து வாழும் மாவட்டங்கள் அவை. யாழ் மாவட்டத்தில் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினரளவிலேயே வாக்களித்தனர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். வாக்களிக்காத முக்கால்வாசிப் பேரின் மௌனமும் ஒரு கருத்தே. 60 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் மஹிந்த ராஜபக்ஷ வெற்றிபெற்றார்.

இத்தேர்தலிலிருந்து பெறவேண்டிய முதலாவது பாடம் இங்கேயே உள்ளது. யுத்தத்தை வென்ற தளபதி என்ற பெருமை தெற்கில் பொன்சேகாவுக்குக் குறைவாக இருந்ததில்லை. ஆனால் சம்பந்தனும் ஹக்கீமும் அவருக்கு அருகில் நின்ற மறுகணமே, இரகசிய ஒப்பந்தம் செய்து நாட்டைக் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்ற பிரசாரம் அவருக்கு எதிராகக் கட்டவிழ்த்து விடப்பட்டது. அவர் தோற்றமைக்கு அதுவே ஒரே காரணம் என நாம் கூறவில்லை. ஆயினும் உடலெங்கும் குண்டுக் காயங்களைச் சுமந்த தளபதிக்குக்கூட, தமிழரினதும் முஸ்லிம்களினதும் ஆதரவைப் பெற்ற குற்றத்துக்காகத் துரோகிப் பட்டம் சூட்டப்படலாம் எனில், சாதாரண சிங்கள அரசியல்வாதி ஒருவர் ஏன் அஞ்சமாட்டார்? சிறுபான்மையினரின் வாக்கு வேண்டும், ஆனால் அவர்கள் மேடையில் ஏறக்கூடாது என்ற தென்னிலங்கை அரசியலின் பழைய வழக்கத்துக்கு அந்தத் தேர்தல் மேலுமொரு சான்றாக அமைந்தது.

தேர்தல் முடிந்து இரு வாரங்களுக்குள், 2010 பெப்ரவரி 8 ஆம் திகதி இரவு, கொழும்பிலுள்ள தமது அலுவலகத்தில் ஹக்கீம், மனோ கணேசன், ஜே.வி.பி. தலைவர் சோமவன்ச அமரசிங்க ஆகியோருடன் கலந்துரையாடிக்கொண்டிருந்த பொன்சேகாவை இராணுவப் பொலிஸார் பலவந்தமாக இழுத்துச் சென்றனர். அவ்வாறு இழுத்துச் செல்லப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் பத்திரிகை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தடுப்புக்காவலில் இருந்தவாறே அவர் அவ்வாண்டு ஏப்ரல் பொதுத் தேர்தலில் கொழும்பு மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். ஆகஸ்ட்டில் முதலாவது இராணுவ நீதிமன்றம், சீருடையில் இருக்கும்போதே அரசியலில் ஈடுபட்டார் எனத் தீர்ப்பளித்து அவரது பதவி நிலையையும் பதக்கங்களையும் பறித்தது. செப்டெம்பரில் இரண்டாவது இராணுவ நீதிமன்றம், இராணுவக் கொள்வனவில் முறைகேடு என்ற குற்றச்சாட்டில் 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தண்டனையை உறுதிசெய்து கையொப்பமிட்டவர், தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜனாதிபதியே. பாராளுமன்ற ஆசனமும் பறிபோயிற்று.

மூன்றாவது வழக்கே நமது கவனத்துக்கு மிகவும் உரியது. 2009 மே 18 ஆம் திகதி, புலிகளின் அரசியற்றுறைப் பொறுப்பாளர் நடேசன், சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவன் உள்ளிட்டோர் வெள்ளைக் கொடியுடன் சரணடைய முயன்றபோது கொல்லப்பட்டனர் என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. அவ்வாறு வருவோரைக் கொல்லுமாறு அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ கட்டளையிட்டதாகத் தமக்குத் தெரியவந்தது எனப் பொன்சேகா கூறியதாக, ஆங்கில வார இதழொன்று 2009 டிசெம்பர் 13 ஆம் திகதி செய்தி வெளியிட்டது. அரசாங்கம் அதனை முற்றாக மறுத்தது. தமது கூற்று திரிபுபடுத்தப்பட்டது எனப் பொன்சேகாவும் பின்னர் விளக்கமளித்தார். எனினும் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2011 நவம்பர் 18 ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர், ஒருவர் மாறுபட்டார். அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் வதந்தி பரப்பிய குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கின் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். சரணடைய வந்தவர்கள் கொல்லப்பட்டார்களா என்பது ஒரு கேள்வி. கொல்லப்பட்டார்கள் என்று ஒருவர் சொன்னாரா என்பது மற்றொரு கேள்வி. இந்நாட்டின் சட்டம் இரண்டாவது கேள்வியைக் கையிலெடுத்து, சாட்சிகளை அழைத்து, தீர்ப்பெழுதி, தண்டனையும் கொடுத்தது. முதலாவது கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடிக்கவில்லை. தளபதியிடம் அரசு பல கேள்விகளைக் கேட்டது. அரசியல் பேசினீரா, கொள்வனவில் பிழை செய்தீரா, பத்திரிகைக்கு என்ன சொன்னீர் என்றெல்லாம் கேட்டது. இறுதி மாதங்களில் மருத்துவமனைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் எறிகணைகள் வீழ்ந்தது எவ்வாறு, படையினரிடம் கையளிக்கப்பட்டோர் எங்கே என்ற கேள்வியை மட்டும் அவரிடமோ, அவருக்கு மேலிருந்தோரிடமோ, கீழிருந்தோரிடமோ கேட்கவில்லை. அவர் குற்றவாளி என்று நாம் இங்கே தீர்ப்பளிக்க முனையவில்லை. விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது அவருக்கு இழைக்கப்பட்டதையே நாமும் செய்வதாகும். விசாரணை நடைபெறவில்லை என்பதே நமது முறைப்பாடு.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. முஸ்லிம் வாசகர்கள் உன்னிப்பாக நோக்கும் துருக்கியிலும் இதன் சாயலைக் காணலாம். அங்கு 1990 களில் இராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதியாகவிருந்த ஜெனரல் செவிக் பிர், அதற்கு முன்னர் சோமாலியாவில் ஐ.நா. படைகளுக்குத் தலைமை தாங்கியவர். 1997 பெப்ரவரி 28 ஆம் திகதி தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்தில் படைத் தளபதிகள் விதித்த நிபந்தனைகளின் விளைவாக, இஸ்லாமியச் சார்புள்ள பிரதமர் நெக்மத்தின் எர்பகான் அவ்வாண்டு ஜூனில் பதவி விலக நேர்ந்தது. முக்காடு அணிந்த மாணவியர் பல்கலைக்கழக வாசல்களில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அந்த நடவடிக்கையின் முக்கிய சூத்திரதாரிகளுள் ஒருவராகக் கருதப்பட்டவர் செவிக் பிர். பின்னர் எர்டோகனின் ஆட்சியில் காற்று மாறி வீசியது. 2012 இல் கைதான செவிக் பிருக்கு 2018 இல் ஆயுட்கால சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; 2021 இல் அவர் சிறை சென்றார். 2024 மே மாதத்தில், முதுமையையும் நோயையும் காரணங்காட்டி ஜனாதிபதி எர்டோகன் அவருக்கும் ஏனைய ஓய்வுபெற்ற ஜெனரல்கள் சிலருக்கும் மன்னிப்பு வழங்கினார்.

தெரிவுசெய்யப்பட்ட அரசாங்கம் ஒன்றைத் துப்பாக்கி முனையில் கவிழ்ப்பது பாரதூரமான குற்றம் என்பதில் ஐயமில்லை. அதற்காகத் தளபதிகள் நீதிமன்றம் கொண்டுவரப்பட்டமை துருக்கிய ஜனநாயகத்துக்கு அவசியமானதே. ஆனால் அதே 1990 களில் தென்கிழக்குத் துருக்கியில் குர்திஷ் மக்கள் காணாமல் ஆக்கப்பட்டமை தொடர்பான வழக்குகள் பெரும்பாலும் விடுதலையிலோ காலாவதியிலோ முடிவுற்றன. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி இஸ்தான்புல் நகரில் 1995 மே முதல் சனிக்கிழமை தோறும் கூடத் தொடங்கிய தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை. நமது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்த தாய்மாரும் அதே கேள்வியைத்தான் கேட்டனர். இரு நாடுகளிலும் தளபதிகள் தண்டிக்கப்பட்டது ஆட்சியாளருக்கு எதிராகச் செய்ததற்காகவே. மக்களுக்கு என்ன செய்தார்கள் என்ற ஏடு இரு நாடுகளிலும் திறக்கப்படவே இல்லை.

தண்டனை ஆட்சியாளரின் கையில் இருந்தால் மன்னிப்பும் அவர் கையிலேயே இருக்கும். 2012 மே 21 ஆம் திகதி ஜனாதிபதி மன்னிப்பில் பொன்சேகா சிறை மீண்டார். அப்போதும் தேர்தலில் போட்டியிடும் உரிமை அவருக்குத் திரும்பவில்லை. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானதும், பறிக்கப்பட்ட அனைத்தும் ஒரே கையொப்பத்தில் மீளளிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 22 ஆம் திகதி அவர் இந்நாட்டின் முதலாவது பீல்ட் மார்ஷலாக உயர்த்தப்பட்டார். ஒரே மனிதர், ஒரே செயல்கள். 2009 இல் வீரர், 2010 இல் துரோகி, 2015 இல் பீல்ட் மார்ஷல். இடையில் புதிய சான்று எதுவும் வெளிவரவில்லை. மறுவிசாரணை எதுவும் நடைபெறவில்லை. மாறியவர் ஜனாதிபதி மட்டுமே.

இந்த மன்னிப்பு அதிகாரம் எவ்விடமெல்லாம் சென்றடைந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையிலிருந்த பொதுபல சேனாவின் செயலாளர் ஞானசார தேரர் 2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் மக்கள் அச்சத்தில் உறைந்திருந்த வேளையில் மன்னிக்கப்பட்டார். 2000 டிசெம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுச் சிறுவன் உட்பட எட்டுத் தமிழரைக் கொன்ற வழக்கில் மரணதண்டனை பெற்று, அது உயர் நீதிமன்றத்தாலும் உறுதிசெய்யப்பட்ட இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்க 2020 மார்ச்சில் மன்னிக்கப்பட்டார். படையினர் ஒருவருக்கு எதிராக இந்நாட்டின் நீதித்துறை இறுதிவரை சென்று வழங்கிய மிகச்சில தீர்ப்புகளுள் ஒன்று அவ்வாறு ஒரு பேனா முனையில் கரைந்துபோனது. பொன்சேகாவைச் சிறைக்கு அனுப்பிய கையொப்பமும் சுனில் ரத்நாயக்கவை வீட்டுக்கு அனுப்பிய கையொப்பமும் ஒரே ஆசனத்திலிருந்து இடப்பட்டவையே.

பீல்ட் மார்ஷலின் பிற்கால அரசியல் வாழ்வு சுருக்கமாகக் கூறத்தக்கது. 2015 பொதுத் தேர்தலில் அவரது கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 2016 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியலூடாகப் பாராளுமன்றம் சென்று அமைச்சரானார். 2020 இல் ஐக்கிய மக்கள் சக்தியின் சார்பில் கம்பஹா மாவட்டத்தில் தெரிவானார். பின்னர் அக்கட்சித் தலைமையுடனும் முரண்பட்டார். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை ஆராய்ந்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் அவரும், ரவூப் ஹக்கீமும், எம்.ஏ. சுமந்திரனும் ஒரே மேசையில் அமர்ந்து புலனாய்வு அதிகாரிகளைக் கேள்வி கேட்ட காட்சியை 2019 இல் நாடு பார்த்தது. அரசின் பாதுகாப்புக் கட்டமைப்பை மக்கள் பிரதிநிதிகள் பகிரங்கமாக விசாரிக்க முடியும் என்பதற்கு அது நல்ல முன்னுதாரணம். யுத்தத்தின் இறுதி மாதங்களைப் பற்றி அவ்வாறான ஒரு பகிரங்க விசாரணை ஏன் சாத்தியமற்றது என்பதற்குத் தெற்கின் எந்த அரசாங்கமும் இதுவரை நேர்மையான காரணத்தைக் கூறவில்லை.

2017 செப்டெம்பரில் பீல்ட் மார்ஷல் கூறிய ஒரு விடயம் இங்கு விசேடமாகக் கவனிக்கத்தக்கது. யுத்தகாலத்தில் வன்னிப் படைத் தளபதியாகவிருந்த ஜகத் ஜயசூரியவுக்கு எதிராகத் தென்னமெரிக்காவில் மனித உரிமை அமைப்புகள் முறைப்பாடு செய்தபோது, அவர் குற்றங்கள் இழைத்தமை தமக்குத் தெரியும் எனவும், உரிய விசாரணை நடந்தால் சாட்சியமளிக்கத் தயார் எனவும் பொன்சேகா பகிரங்கமாகக் கூறினார். இருவருக்குமிடையே தனிப்பட்ட பகைமை இருந்திருக்கலாம். அக்கூற்று உண்மையா பொய்யா என்பதை நாம் அறிய வழியில்லை. ஆனால் இராணுவத்தின் முன்னாள் தளபதி ஒருவர், பதவியிலிருந்த அமைச்சர் ஒருவர், குற்றம் நிகழ்ந்தது எனக்குத் தெரியும் என்று கூறும்போது, நாகரிகமான எந்த நாட்டிலும் பொலிஸார் அவரிடம் வாக்குமூலம் பெற்று விசாரணையைத் தொடங்கியிருப்பர். 2011 இல் அவர் சொன்னதற்குச் சிறை. 2017 இல் சொன்னதற்குச் செவிடான மௌனம். எட்டு வருடங்கள் கழித்து, 2025 மார்ச்சில், பிரித்தானியா ஜகத் ஜயசூரிய, சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, கருணா ஆகிய நால்வருக்கும் எதிராகத் தடைகளை விதித்தது. நமது நீதிமன்றங்களில் கேட்கப்படாத கேள்விகள் பிறநாட்டுத் தலைநகரங்களில் கேட்கப்படுவதைத் தேசத்துக்கு இழுக்கு என்போர், அதனைத் தவிர்க்கும் வழி நம் நாட்டு நீதிமன்றங்களின் கதவுகளைத் திறப்பதே என்பதை ஏற்க மறுக்கின்றனர்.

இன்னுமொன்றையும் கூறியாக வேண்டும். யுத்தத்தில் புலிகளும் பொதுமக்களுக்கு எதிராகப் பாரதூரமான குற்றங்களைப் புரிந்தனர். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டதையும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் அவ்வாண்டு ஆகஸ்ட்டில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டதையும் தமிழர் மறைத்துப் பேசினால், முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசும் தார்மீக உரிமை நலிந்துபோகும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற நிலைப்பாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நிற்க முடியுமாயின், அதுவே இவ்விரு சமூகங்களும் தெற்கின் மனச்சாட்சியுடன் பேசுவதற்கான வலுவான மொழியாக அமையும்.

2010 இல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அன்னத்துக்கு வாக்களித்தவர்கள் ஏமாளிகள் என்று நாம் கருதவில்லை. அவர்கள் இருந்த நிலையில் கிடைத்த ஒரேயொரு கதவைத் தட்டிப் பார்த்தனர். தவறு அவர்களுடையதன்று. ஆனால் அன்றைய பேரத்தில் நமது தலைமைகள் வலயங்களைப் பற்றியும் விடுதலைகளைப் பற்றியும் உறுதிமொழி கேட்டதுபோல, வென்றால் உண்மையைக் கண்டறியச் சுயாதீன விசாரணை நடத்துவீரா என்ற உறுதிமொழியையும் பகிரங்கமாகக் கேட்டிருக்க வேண்டும். யுத்தத்தை நடத்தியவரிடமே அதனைக் கேட்பது சங்கடமானது என்று நினைத்திருக்கலாம். அந்தச் சங்கடத்தின் விலையை இன்றுவரை காணாமற்போனோரின் உறவுகளே செலுத்தி வருகின்றனர்.

எதிர்காலத்திலும் தளபதிகள் வாக்குக் கேட்டு வருவர்; தளபதிகளைத் தோளில் சுமந்து அரசியல்வாதிகளும் வருவர். அவர்களிடம் நாம் கேட்கவேண்டியது இதுதான்: உங்கள் ஆட்சியில் இராணுவத்தினர் ஒருவர், மக்களுக்கு என்ன செய்தார் என்பதற்காக, ஆட்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு அப்பால், சாதாரண நீதிமன்றம் ஒன்றில் விசாரிக்கப்பட முடியுமா? இக்கேள்விக்கு நேரடியாக விடையளிக்காத எவருக்கும், அவர் எந்தச் சின்னத்தில் வந்தாலும், நமது வாக்கை வழங்குவதற்கு முன்னர் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பது நன்று. பீல்ட் மார்ஷல் பொன்சேகாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயதளவாகிறது. அவரிடமும், அவருடன் களத்தில் நின்ற ஏனையோரிடமும் உள்ள அறிவு அவர்களுடனேயே மறைந்துபோவதற்கு முன்னர் அதனைச் சட்டப்படி பதிவுசெய்வது அரசின் கடமை. காலம் கடந்தபின் வழங்கப்படும் மன்னிப்புகளாலும் பட்டங்களாலும் அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது.